கழற்றிப் பூட்டிய பின்

“கழுவுவதற்கு முன்னர் ஒருவாறு ஓடிக்கொண்டிருந்தது, கழுவிய பின்னர் ஓடவே மறுக்கிறது.” மோட்டார் சைக்கிள் வைத்திருப்போர் கூடும் இடங்களில் இந்த முறைப்பாட்டைக் கேளாதவர் அரியர். கழுவப்பட்டது வண்டியன்று; எஞ்சினின் பக்கத்தே, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவில் அமைந்திருக்கும் காபரேற்றர். அது ஊத்தை பிடித்துவிட்டது என்று யாரேனும் ஒருவர் சொல்லிவிடுவார். கராஜிலே அதனைக் கழற்றி, பெற்றோலிலே கழுவி, காற்றடித்து, மீண்டும் பூட்டிக் கொடுப்பார்கள். வீடு வந்து சேர்வதற்குள் வண்டி இருமத் தொடங்கும். உரிமையாளர் மெக்கானிக்கைக் குறை கூறுவார். மெக்கானிக் காபரேற்றரின் வயதைக் குறை கூறுவார். ஈற்றில் புதியதொன்று வாங்கப்படும். புதியதைப் பூட்டிய பின்னும் இருமல் நில்லாத வண்டிகளை நான் கண்டிருக்கிறேன்.

இத்தகைய சிறு சிக்கலை ஓர் இலக்கியப் பக்கத்திலே எடுத்துப் பேசுவது ஏன் என்று நேயர்கள் வினவக்கூடும். நம் கை பட்டபின் ஒரு காரியம் பிழைத்துப்போனால், பிழை எங்கே இருக்கிறது என்பதனைக் கண்டறிவது எங்ஙனம் என்பதே ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட வினா. ஆசிரியருக்கும் மாணவருக்கும் இது நாள்தோறும் எதிர்ப்படும் வினாவன்றோ? பல ஆண்டுகள் பௌதிகம் கற்பித்தவன் என்ற முறையிற் சொல்கிறேன்: காரணமும் காரியமும் இத்துணை நெருங்கி நிற்கும் கருவி பிறிதொன்றை நான் ஆய்வுகூடத்திலும் கண்டதில்லை.

காபரேற்றரின் தொழில் சொல்லுதற்கு எளிது, செய்தற்கு அரிது. பெற்றோல் திரவமாகவே எஞ்சினுக்குள் சென்றால் முறையாக எரியாது. அது காற்றோடு பனிபோலக் கலந்து செல்லவேண்டும். கலக்கும் அளவிலும் பிசகு கூடாது. நிறைப்படி ஒரு பங்கு பெற்றோல் முற்றாக எரிவதற்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று இதனினும் மிகுந்தால் கலவை மெலிந்தது என்பர். பெற்றோல் மிகுந்தால் கலவை செறிந்தது என்பர். மெலிந்த கலவையால் எஞ்சின் அளவுக்கு மிஞ்சிச் சூடேறி, இழுவை குன்றித் திக்கும். செறிந்த கலவையால் கரும்புகை கக்கி, பிளக்கிலே கரி படிந்து, மந்தமாகும்.

இந்த அளவைக் காப்பதற்கு அக்கருவிக்குள்ளே மின்சாரமும் இல்லை, மூளையும் இல்லை. காற்றின் ஓட்டமே காவலாள். விரைந்து ஓடும் இடத்திலே பாயியின் அமுக்கம் குறையும் என்ற உண்மையை டானியல் பேர்ணூலி 1738இல் வெளியிட்ட தமது நூலிலே ஆராய்ந்தார். ஒடுங்கிய குழாய்களினூடே நீர் ஓடும் தன்மைபற்றி இத்தாலிய அறிஞர் வெந்தூரி 1797இல் எழுதினார். காபரேற்றரின் ஒடுங்கிய கழுத்து இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஜேர்மனியில் வில்ஹெல்ம் மைபாக் 1893இல் ஒரு நுண்துளை வழியாகப் பெற்றோலைக் காற்றோட்டத்திலே தெளிக்கும் காபரேற்றரை ஆக்கினார். இன்று வெளிவரும் புதிய வண்டிகள் பலவற்றில் கணினிபோல் இயங்கும் ஒரு பெட்டி பெற்றோலை அளந்து பீய்ச்சுகிறது. ஆயினும் நமது ஒழுங்கைகளிலும் சந்தைகளிலும் உழைத்துக்கொண்டிருக்கும் பழைய வண்டிகள் மைபாக்கின் வழிவந்தவையே.

சிறு மோட்டார் சைக்கிளின் காபரேற்றரிலே கீழே ஒரு கிண்ணம் உண்டு. அதிலே பெற்றோல் எப்பொழுதும் ஒரே மட்டத்தில் நிற்கவேண்டும். நீர்த்தாங்கியிலே மிதவை எழுந்து குழாயை அடைப்பதுபோல, இங்கும் ஒரு சிறு மிதவை எழுந்து ஊசியொன்றால் வழியை அடைக்கும். மேலே காற்றுச் செல்லும் கழுத்து. நாம் கைப்பிடியை முறுக்கும்போது ஒரு கம்பி இழுபட்டு, கழுத்தை மறித்து நிற்கும் சிறிய உருளை மேலெழுகிறது. அவ்வுருளையின் அடியிலிருந்து கூர்மையான ஊசியொன்று தொங்குகிறது. அது உயர உயர, பெற்றோல் வரும் வழி அகல்கிறது. கிண்ணத்துப் பெற்றோலை அளந்து விடுபவை ஜெட் எனப்படும் பித்தளைத் துண்டுகள். இவற்றுள் தாழ்ந்த ஓட்டத்துக்குரிய சிறிய ஜெட்டின் துளை அரை மில்லிமீற்றருக்கும் குறைவானது. ஒரு மணற்றுகள் போதும், அதனை அடைப்பதற்கு.

இனி, பிழை காணும் வழிக்கு வருவோம். காபரேற்றர் தன் நோயைத் தானே சொல்லும். அது எந்த இடத்தில் நின்று சொல்கிறது என்பதனைக் கவனிப்பவர்தான் குறைவு. கைப்பிடியை முற்றாக விட்டிருக்கும் நிலையிலும், அதனைச் சற்றே முறுக்கும் நிலையிலும், எட்டிலொரு பங்கு வரைக்கும் எஞ்சினை ஊட்டுவது சிறிய ஜெட்டும் அதனோடு சேர்ந்த திருகாணியும். அங்கிருந்து காற்பங்கு வரை உருளையின் அடியிலே சரித்து வெட்டப்பட்ட விளிம்பு ஆளும். காற்பங்கிலிருந்து முக்காற்பங்கு வரை ஊசியின் ஆட்சி. அதற்கு மேல் பெரிய ஜெட். எல்லைகள் ஒன்றோடொன்று சற்றே மயங்கினும் ஆட்சி இன்னதென்று தெளிவாகவே தெரியும்.

ஆகவே கைப்பிடியிலே ஒரு துண்டு ஒட்டுநாடாவை ஒட்டி, கால், அரை, முக்கால் என்று மையாற் குறியிட்டுக்கொண்டு வண்டியை ஓட்டிப் பாருங்கள். நின்ற இடத்தில் ஓட மறுத்து, முறுக்கியதும் நன்றாக ஓடும் வண்டியிலே பெரிய ஜெட்டைத் தேடுவது வீண். நன்றாகப் புறப்பட்டு அரைப்பங்கிலே திக்கும் வண்டியிலே திருகாணியைத் திருகுவது அதனினும் வீண். மூன்று சதம் பெறாத ஒட்டுநாடாவினாலே பாதி ஐயம் தீர்ந்துவிடுகிறது.

இரண்டாவது சோதனை இன்னும் எளிது. எஞ்சின் சூடேறிய பின் திக்கும்போது சோக்கைச் சற்றே இழுத்துப் பாருங்கள். சோக் என்பது காற்றைக் குறைத்தோ பெற்றோலைக் கூட்டியோ கலவையைச் செறிவாக்கும் வழி. இழுத்ததும் ஓட்டம் சீரானால், கலவை மெலிந்திருந்தது என்பது பொருள். மேலும் மோசமானால் கலவை முன்னரே செறிந்திருந்தது என்பது பொருள்.

மூன்றாவது சாட்சி பிளக். நன்றாக எரியும் எஞ்சினின் பிளக் மங்கிய மண்ணிறமாக இருக்கும். வெளிறிச் சுண்ணாம்புபோல் இருந்தால் மெலிவு. கரி படிந்திருந்தால் செறிவு. ஆயினும் நிறத்தைக் கண்டவுடன் தீர்ப்புக் கூறிவிடலாகாது. யாழ்ப்பாணத்திலே கடல் மட்டத்தை ஒட்டிச் சீராக ஓடிய வண்டி, 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கு ஏறிச் சென்றால் அதன் பிளக் கறுக்கும், இழுவையும் குன்றும். அங்கே வளியமுக்கம் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறைவு. ஜெட் விடும் பெற்றோலோ பெரிதும் பழைய அளவினதே. ஒருவரும் காபரேற்றரைத் தொடவில்லை. ஒரு திருகாணியும் அசையவில்லை. எனினும் கலவை செறிந்துவிட்டது. பிழை வண்டியில் இல்லை, மலையில் இருக்கிறது. இறங்கி வந்தால் தானே தீரும் நோய்க்கு மருந்து தேடி, மலையுச்சியில் வைத்து ஜெட்டை மாற்றியவர், ஊர் வந்ததும் மெலிந்த கலவையோடு இடர்ப்படுவார்.

கழற்றிப் பூட்டும் கையாலே விளையும் பிழைகள் சிலவே. அவற்றை வரிசையாகச் சொல்லலாம். அடைபட்ட ஜெட்டினுள்ளே கம்பியை விட்டுக் குடைவது முதலாவது. பித்தளை மென்மையான உலோகம்; எஃகுக் கம்பி அதன் துளையை அகலமாக்கிவிடும். பிறகு அதன்மீது பொறித்த எண்ணுக்கும் அதன் துளைக்கும் உறவில்லை. காற்றையும் கழுவு திரவத்தையும் கொண்டே அதனைத் திறக்கவேண்டும். கிண்ணத்தை மட்டும் பளபளவென்று துலக்கிவிட்டு, சிறிய ஜெட்டின் துளையை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பாராமற் பூட்டுவது இரண்டாவது. உருளையைத் திசை மாற்றி இடுவது மூன்றாவது. அதன் சரிவான வெட்டு காற்று வரும் பக்கத்தை நோக்கவேண்டும். மாறினால் உருளை முற்றாக இறங்காமல், எஞ்சின் கத்தத் தொடங்கும். ஊசியின் தலையிலே உள்ள வெட்டுகளில் கொளுவியை இடம் மாற்றிப் போடுவது நான்காவது. கொளுவியை ஒரு வெட்டு மேலே போட்டால் ஊசி தாழ்ந்து கலவை மெலியும். கீழே போட்டால் ஊசி உயர்ந்து கலவை செறியும். மிதவையின் நாக்கு வளைந்து பெற்றோலின் மட்டம் மாறுவது ஐந்தாவது.

திருகாணியைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். தாழ்ந்த ஓட்டத்தின் கலவையை ஆளும் இச்சிறு திருகாணி சில காபரேற்றர்களிற் காற்று வரும் பக்கத்தில் இருக்கும். அங்கே அது காற்றை அளக்கிறது. வெளியே திருகினால் கலவை மெலியும். வேறு சிலவற்றில் எஞ்சினின் பக்கத்தில் இருக்கும். அங்கே அது கலவையை அளக்கிறது. வெளியே திருகினால் செறியும். திருகுவது ஒரே பக்கம், விளைவோ நேர்மாறு. இதனை அறியாது திருகுவோர் எத்தனை பேர்! கழற்றுமுன் அதனை மெல்ல உள்ளே திருகி, எத்தனை சுற்றில் அமர்கிறது என்று எண்ணி, ஒரு தாளிலே குறித்துக்கொண்டவருக்குத் திரும்பி வருவதற்கு வழியிருக்கும். குறிக்காதவருக்கு வழியில்லை.

இவையெல்லாம் காபரேற்றருக்குள்ளே. ஆனால் காபரேற்றரின் பெயரிலே பிறர் நோய்களும் உலவுகின்றன. பிளக்கின் இடைவெளி அகன்றிருத்தல், அதன் தொப்பியிலே மின் கசிதல், வால்வு இறுகியிருத்தல், காற்று வடிகட்டியிலே புழுதி நிறைந்திருத்தல் ஆகிய இவையெல்லாம் திக்கலையும் இருமலையும் தருவன. காபரேற்றர் நோயென்று வரும் வண்டிகளிற் பெரும்பாலானவற்றுக்கு மின்பொறியிலேயே நோய் என்று பழுத்த மெக்கானிக்குகள் நகைப்பதுண்டு. நகைச்சுவையிலும் அனுபவம் இருக்கிறது.

நான் நேரிற் கண்ட ஒரு வண்டியின் வரலாற்றை இங்கே சொல்வது பொருந்தும். பாசையூரிலே அதிகாலையில் மீன் எடுத்து, பின்னாற் கட்டிய பெட்டியிலே பனிக்கட்டியிட்டு, கோப்பாய், நீர்வேலிப் பக்கங்களிலே விற்றுவரும் அன்பர் ஒருவர் என் அயலவர். அவருடைய வண்டி பழைய ஹொண்டா. வெயில் ஏறுமுன் மீன் விற்றுத் தீரவேண்டும். வண்டி வழியில் நின்றால் மீன் காத்திராது. ஒரு மாலை அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டே என் வாசலுக்கு வந்தார்.

“மாஸ்ரர், காபரேற்றர் கழுவின நாள் தொட்டு உது என்னைக் கொல்லுது. இண்டைக்குப் பாதி மீனை அரை விலைக்குக் குடுத்துப்போட்டு வாறன். புதுசு ஒண்டு வாங்கிப் போடச் சொல்லுறாங்கள்.”

“புதுசு போடுறது இருக்கட்டும். கழுவக் குடுத்தனீர், ஏன் குடுத்தனீர்?”

“ஓடேக்கை நிண்டுபோகும், மாஸ்ரர். நாலைஞ்சு கட்டை ஓடினாப் பிறகு நிண்டுபோகும். கொஞ்ச நேரம் விட்டு உதைச்சாத் திரும்ப ஓடும்.”

“இப்பவும் அப்பிடித்தான் நிக்குதோ?”

“இப்ப நாலு கட்டை ஓடினாத்தானே அது தெரியும்!”

சலிப்போடு அவர் சொன்ன அந்த மறுமொழியிலே முழுச் சிக்கலும் அடங்கியிருந்தது. கராஜுக்குக் கொண்டுபோன நோய் ஒன்று; கராஜிலிருந்து கொண்டுவந்த நோய் வேறொன்று. பின்னையது முன்னையதை மறைத்து நின்றது. இரண்டையும் ஒன்றென்று எண்ணியதாலேயே காபரேற்றர் முழுவதும் கெட்டது என்ற முடிவுக்கு வந்திருந்தனர்.

புதிய நோயை முதலில் எடுத்துக்கொண்டேன். எஞ்சின் நின்ற இடத்திலே அளவுக்கு மிஞ்சி ஓடியது. முறுக்கிவிட்டால் ஓட்டம் தணிவதற்கு நெடுநேரம் சென்றது. முறுக்கத் தொடங்கும்போது மூச்சுத் திணறியது. பிளக் வெளிறியிருந்தது. சோக்கைச் சற்றே இழுத்தால் அமைதியடைந்தது. எல்லாச் சாட்சிகளும் மெலிவு என்றே கூறின. ஆனால் ஜெட்டைக் கழற்றிப் பார்த்தபோது அதன் துளை தெளிவாக இருந்தது. பெற்றோல் குறையவில்லை எனின் காற்று மிகுந்திருக்கவேண்டும்; முறையான வழியல்லாத வேறு வழியால் மிகுந்திருக்கவேண்டும். சவர்க்கார நீரைத் தூரிகையிலே தொட்டு, காபரேற்றர் எஞ்சினோடு சேரும் மூட்டிலே தடவினேன். நுரை ஒரு பக்கத்தில் உள்ளே இழுபட்டது. அக்கணமே எஞ்சினின் குரல் மாறியது. சூடான எஞ்சினருகே இதற்குப் பெற்றோலைத் தெளிப்பாரும் உளர். தீயோடு விளையாடுவது அது. சவர்க்கார நீர் போதும்.

மூட்டைக் கழற்றினோம். அங்கே இருக்கவேண்டிய இறப்பர் வளையம் தன் தவாளிப்பை விட்டு விலகி, நசுங்கி, ஓரிடத்தில் வெட்டுப்பட்டிருந்தது. புதிய வளையம் ஒன்று இட்டு, திருகாணிகளை உரிய இடத்துக்குக் கொண்டுவந்ததும் எஞ்சின் தன் பழைய குரலிற் பேசியது. அன்பர் வண்டியை எடுத்துக்கொண்டு புறப்பட ஆயத்தமானார். நோய் தீர்ந்தது என்பதே அவர் எண்ணம். தீர்ந்தது பாதியே என்று கூறி, ஒன்று மட்டும் சொல்லி அனுப்பினேன்: வழியில் நின்றால் உடனே உதைக்க வேண்டாம், முதலிற் பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறந்து, காதைக் கொடுத்துக் கேளும்.

மறுநாட் காலை கோப்பாய்ச் சந்திக்கு அண்மையிலே வண்டி நின்றது. மூடியைத் திறந்தபோது “உஸ்” என்று காற்று உள்ளே இழுபட்டதாம். மூடியை இறுக்காமற் சென்றபோது வண்டி நிற்கவேயில்லை. தாங்கியிலிருந்து பெற்றோல் இறங்க இறங்க, அந்த வெற்றிடத்தை நிரப்ப மூடியிலுள்ள நுண்துளையால் காற்று உட்செல்லவேண்டும். உப்பு நீரும் புழுதியும் சேர்ந்து அத்துளையை அடைத்திருந்தன. தாங்கிக்குள் அமுக்கம் குறைய, கிண்ணத்துக்குப் பெற்றோல் இறங்குவது நின்றது. சற்று நேரம் நிறுத்தி வைத்தால் எங்கேனும் ஓர் இடுக்கால் காற்றுக் கசிந்து சேர, வண்டி மீண்டும் ஓடும். மூடியைச் சுடுநீரிலே ஊறவைத்துத் துளையைத் திறந்ததோடு நான்கு கட்டை நோயும் தீர்ந்தது. காபரேற்றரை எத்தனை முறை கழுவினாலும் தீராத நோய் அது. கழுவவேண்டிய தேவையே முதலில் இருந்ததில்லை.

அந்தக் கராஜிலே கழுவியவன் தொழில் பழகும் இளைஞன். வண்டி பிழைத்த அன்றே அன்பர் சென்று, பலர் முன்னிலையில் அவனை ஏசிவிட்டு வந்திருந்தார். பின்னொரு நாள் நான் அவ்வழியே சென்றபோது நசுங்கிய வளையத்தை அவனிடம் காட்டினேன். வாங்கிப் புரட்டிப் பார்த்தான். “வளையம் என்ரை பிழைதான், சேர். பாத்துப் பூட்டியிருக்க வேணும்” என்றான். மூடியைப் பற்றிச் சொன்னபோது அவன் முகம் மாறியது. “எனக்குக் கழுவச் சொல்லித்தானே சொன்னவை. என்ன வருத்தமெண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே.”

அவன் கூறியது முற்றிலும் உண்மை. வண்டியை ஒப்படைத்தவர் நோயைச் சொல்லவில்லை, தீர்ப்பைச் சொன்னார். “நாலு கட்டை ஓடினால் நிற்கிறது” என்பது நோய். “காபரேற்றரைக் கழுவு” என்பது தீர்ப்பு. அத்தீர்ப்பை அவருக்குக் கூறியவர் சந்தையிலே நின்ற யாரோ ஒருவர். தீர்ப்பு முந்திவிட்டமையால் விசாரணை நடைபெறவில்லை. வளையத்துக்கு உரிய பழி அவ்விளைஞனது. மூடிக்கு உரிய பழி அவனதன்று. இரண்டையும் சேர்த்து அவன் தலையிலே சுமத்தியிருந்தோம். அன்பரிடம் இதனை எடுத்துரைத்தேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்து, “உண்மைதான் மாஸ்ரர், பெடியனைக் கூடத்தான் ஏசிப்போட்டன்” என்றார். அடுத்த கிழமை வண்டிக்கு எண்ணெய் மாற்றுவதற்கு அவனிடமே கொண்டுசென்றார் என்று அறிந்து மகிழ்ந்தேன்.

அமெரிக்க எழுத்தாளர் றொபேட் பேர்சிக் தம் மகனோடு மோட்டார் சைக்கிளிற் சென்ற நெடும்பயணத்தை அடிப்படையாகக் கொண்டு 1974இல் ஒரு நூலை வெளியிட்டார். மெய்யியல் ஆராய்ச்சியும் வண்டி பேணலும் அதிலே இணைந்து செல்லும். இயந்திரத்தின் பிழை காண்பவர் ஒரு குறிப்பேட்டிலே பிரச்சினையை எழுதும்போது, உறுதியாகத் தெரிந்ததற்கு மேலே ஒரு சொல்லும் எழுதலாகாது என்று அவர் வற்புறுத்துகிறார். மின்னமைப்பிலே என்ன பிழை என்று எழுதிவிட்டால், பிழை மின்னமைப்பிலேதான் என்று முன்னரே முடிவு செய்தாயிற்று. வண்டி ஏன் ஓடவில்லை என்று மட்டும் எழுதுவதே முறை என்பது அவர் கருத்து. கோப்பாய்ச் சந்தியில் நின்ற வண்டிக்கும் இக்கருத்து எத்துணைப் பொருத்தமாக இருக்கிறது!

நம்மவர் நூலைப் படித்து இதனை அறிந்தவரல்லர். காலம் கற்பித்துத் தந்த பாடமும் நமக்கு உண்டு. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையினால் வடக்கிலே பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. அக்காலத்தில் மோட்டார் சைக்கிள்களும் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை; குளிர்ந்த எஞ்சினை அது கிளப்பாது. சிறு போத்தலிலே பொத்திவைத்த பெற்றோலிற் சில துளிகளை விட்டு எஞ்சினைக் கிளப்பி, அது சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். முந்தி மாற்றினால் நின்றுவிடும். பிந்தி மாற்றினால் பெற்றோல் தீர்ந்துவிடும். அந்த நொடியை எஞ்சினின் குரலைக் கேட்டே அறிந்தனர். பிளக்கை வழியோரத்திலே கழற்றி, கரியைத் தேய்த்து, மீண்டும் பூட்டிக்கொண்டு சென்றனர். எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் எண்ணெயோடு கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்யும் என்பதனையும் பட்டறிந்தனர். பௌதிகம் பயிலாத பலர் அந்நாளிலே கலவையின் செறிவையும் மெலிவையும் மூக்காலும் காதாலும் அளந்தனர்.

2002இல் ஏ9 பாதை மீண்டும் திறக்கப்பட்டு, பெற்றோலும் தாராளமாக வந்து சேர்ந்தபோது அந்தக் காது மெல்ல மெல்ல மங்கியது எனலாம். துன்பம் நீங்கியதற்கு வருந்துவார் இல்லை. ஆயினும் துன்பத்திலே கற்றதையும் துன்பத்தோடு சேர்த்துக் கைவிட வேண்டியதில்லை. உதிரிப்பாகம் எதுவும் கிடையாத காலத்திலே, புதியதொன்று வாங்கிப் போடு என்று சொல்வதற்கு வழியில்லை. ஆகையாற் பிழையைத் தேடினர். இன்று கடை நிறையப் பாகங்கள் இருக்கின்றன. தேடுவதற்குப் பதிலாக மாற்றுகிறோம். மாற்றும் பணம் நாட்கூலிக்கு உழைப்பவனுடையது.

கழற்றிப் பூட்டிய பின் ஒரு வண்டி பிழைத்தால், ஆகவே, மூன்று வினாக்களை அந்த வரிசையிலேயே கேட்கவேண்டும். முதலாவது, இதனை ஏன் கழற்றினோம்? இரண்டாவது, அந்தப் பழைய நோய் இப்போதும் இருக்கிறதா? மூன்றாவது, இப்போது காணும் நோய் கழற்றுமுன் இருந்ததா? முதலிரண்டு வினாக்களாற் பழைய நோய் பிரிந்து நிற்கும்; மூன்றாவதாற் புதியது பிரிந்து நிற்கும். அதன்பின் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதைக் குறித்து, பயனில்லையாயின் அதனைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து, அடுத்ததைத் தொடவேண்டும். இரண்டு திருகாணிகளை ஒருங்கே திருகி வண்டியைச் சீராக்கியவனுக்கு வண்டி சீராயிற்று, அறிவு சேரவில்லை. அடுத்த முறையும் அவன் இருட்டிலேயே திருகுவான்.

ஆசிரியர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. கணிதத்தில் இடறும் மாணவனைப் பாடசாலை மாற்றுகிறோம், மாலை வகுப்பை மாற்றுகிறோம், மொழிமூலத்தையும் மாற்றுகிறோம், எல்லாவற்றையும் ஒரே தவணையில் மாற்றுகிறோம். புள்ளி இன்னும் குறைந்தால் கடைசியாகக் கற்பித்தவரைக் குறை கூறுகிறோம். அவன் முதலில் எங்கே, எந்த அளவிலே திக்கினான் என்று குறித்துவைத்தவர் யார்? கரும்பலகையில் எழுதியது அவனுக்குத் தெரிந்ததா என்று கேட்டவர் யார்?

கடைசியாகத் தொட்ட கையை முதலில் ஐயுறுவது நியாயமே. பல வேளைகளிற் பிழை அங்கேதான் இருக்கும். ஆனால் ஐயம் வேறு, தீர்ப்பு வேறு. தொழில் பழகும் இளைஞர்களுக்குக் கருவிகளைக் கையிற் கொடுக்குமுன், வண்டிக்காரர் சொல்வதைக் கேட்டு ஒரு தாளிலே எழுதும் பழக்கத்தைக் கொடுப்போமாக. வண்டியை ஒப்படைக்கும் நாமும், எதனைக் கழுவவேண்டும் என்று சொல்வதை விடுத்து, என்ன நிகழ்கிறது, எப்போது நிகழ்கிறது, எவ்வளவு தூரம் ஓடியபின் நிகழ்கிறது என்று சொல்லப் பழகுவோமாக. அந்த ஒரு தாளினால் ஏழை உழைப்பாளியின் பணமும், ஓர் இளைஞனின் நற்பெயரும் காக்கப்படும்.